தெர்மோகோல் கிரகம்

அத்தியாயம் 14

கம்பெனி கொடுத்த கடிதம் வெள்ளிக்கிழமையிலிருந்து மேஜை மேலேயே கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார் பலராமன்.

கடிதத்தில் இரண்டே விஷயம். இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த பலராமன் விருப்ப ஓய்வில் போகலாம். போனால் வீட்டில் ஒருவருக்கு அதே கம்பெனியில் நிரந்தர வேலை. 30-9-91 திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்தோடு டைம் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

அந்த ஒருவர் மகன் கார்முகில்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வயது இருபத்தேழு. நாலு வருஷமாக பாட்டில் கம்பெனியில் காண்டிராக்டில் லோடு ஏற்றுகிறான். இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பலராமனுக்கு ஐம்பத்திரண்டுதான். அவர் வேலையை விடுவதென்றால் அதற்கு ஒரே காரணம் சினிமா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சின்னப் பத்திரிகையில் அவர் எழுதிய ‘நீர் தேடிப் போனவன்’ என்ற விஞ்ஞானத் தொடர், ‘ஆகாயப் புயல்’ என்று பெயர் மாறிப் படமாகி, இந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தியேட்டருக்கு வந்திருந்தது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் இரண்டாம் பாகம் உண்டு, கோடம்பாக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுதுங்கள் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

பிடித்ததா இல்லையா என்று பார்த்துவரத்தான் இன்று, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இருவரையும் அனுப்புகிறார்.

“நான் பாத்தா நான் எழுதினதுதான் எனக்குத் தெரியும்” என்றார். “வாசல்ல நின்னு கேட்டன்னா, நம்ப கம்பெனி ஆளுங்க பிரமாதம் சார்னு கையக் குடுத்துட்டுப் பூடுவானுங்க. நீங்க போங்க. ரெண்டு ஷோ. பேரு, ஊரு, இன்னா சொன்னாங்க. சொன்னது சொன்னபடி எழுதிக்கினு வாங்க. நல்லாக்கீதுன்னா கையெழுத்துப் போட்டுடறேன். இல்லன்னா நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போறேன்.”

“எல்லாருக்கும் பிடிக்கும்பா” என்றான் கார்முகில், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவன் தங்கை மதிவதனி நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வதற்கே மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறவள். இன்று முன்பின் தெரியாதவர்களை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

அம்மா சந்திரம்மாள் சமையலறையிலிருந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “வெயில்ல நிக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

*

பதினொன்றரைக் காட்சிக்கு நூற்றைம்பது பேர் இருக்கலாம். மின்விசிறிகளில் பாதி ஓடவில்லை.

படம் தொடங்கி ஐந்தாவது நிமிஷத்தில் ராக்கெட் வேறு கிரகத்தில் இறங்கியது. வெள்ளை வெள்ளையாகப் பாறைகள். கதாநாயகன் நம்பி ஒரு பாறையில் சாய்ந்தான். பாறை நகர்ந்தது.

“டேய், தெர்மோகோலுடா” என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னான்.

“பின்னாடி பார்றா. எருமையூர் குவாரி. எங்க மாமன் அங்கதான் லாரி ஓட்டறாரு.”

“உங்க மாமன் வேற கிரகத்துலயா வேலை செய்யறாரு? சொல்லவேயில்ல.”

மதி இருட்டில் நோட்டைத் திறந்து, கண்ணால் பார்க்காமலே எழுதிக்கொண்டாள். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது.

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். பதினோரு வயதில் அப்பாவின் கையெழுத்துப் பிரதியைப் படி எடுத்தது அவள்தான். பூமியில் தண்ணீர் வற்றிவிடுகிறது. நம்பி மனைவியைப் பூமியில் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறான். நாள் கணக்காகக் குழி தோண்டுகிறான். கிடைத்த தண்ணீரைக் கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பிவிட்டு, தனக்கு மூச்சுக்காற்று இல்லாமல் அங்கேயே சாகிறான். அவ்வளவுதான் கதை. படத்தில் கூடவே இரண்டு பாட்டையும், தகரத் தலையோடு ஒரு வில்லனையும் சேர்த்திருந்தார்கள்.

இடைவேளை முடிந்து முக்கால் மணி நேரத்தில் நம்பி செத்தான். மதி நிமிர்ந்தாள். இவ்வளவு சீக்கிரம் சாகக்கூடாது. அவன் இன்னும் குழியே தோண்டவில்லை.

அடுத்த காட்சியில் நம்பி கூடாரத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து சோம்பல் முறித்தான்.

தியேட்டர் அதிர்ந்தது. விசில். யாரோ எழுந்து நின்றார்கள். “சாவலடா அவன், சாவல.”

நம்பி மண்வெட்டியை எடுத்தான். குழி தோண்டினான். தோண்டிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷம் வசனமே இல்லை. ஒருவரும் பேசவில்லை. செத்துப்போனவன் தோண்டுகிறான் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மதிக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதிக்கு மட்டும் புரிந்தது. ரீல் மாறிவிட்டது.

*

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அவள் சுவரோரம் நின்றாள். முதல் ஆளை நிறுத்துவதற்குள் முப்பது பேர் அவளைக் கடந்து போய்விட்டார்கள்.

“அண்ணா, படம் எப்படி இருந்திச்சி?”

அவர் நோட்டைப் பார்த்தார். “இன்னாம்மா, சி.பி.ஐ.யா? எங்க தெருவுல மே மாசம் குண்டு வெடிச்சதுலேர்ந்து இதே ரோதனை. ஆளாளுக்கு ஒரு நோட்டைத் தூக்கிக்கினு வந்துடறாங்க.”

“இல்லண்ணா. படத்தைப் பத்தித்தான்.”

“படம் சூப்பர். செத்தவன் எழுந்து வரான் பாரு. அங்க நிக்குது கதை.”

“எப்படி எழுந்து வந்தான்னு நினைக்கிறீங்க?”

“சயின்ஸுமா” என்றார் அவர், அவளுக்குப் புரியவைக்கிற குரலில்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். செத்தும் விடாமல் தோண்டுகிறான், அதுதான் மனசைத் தொட்டது என்றார்கள். ஒருவர் ஆவி என்றார். ஒருவர் அந்தக் கிரகத்தில் சாவே இல்லை என்றார். குறை சொன்னவர்கள் பாட்டைத்தான் சொன்னார்கள். பதினெட்டுப் பேர் ஆனது. அதில் பதினாலு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

தியேட்டரின் இன்னொரு வாசலில் கார்முகில் தன் பங்குக்குக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவள் மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனாள். ஆபரேட்டர் அப்பாவு பனியனோடு உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சாவற ரீல் முன்னாடி ஓடிச்சி சார். தோண்டற ரீல் பின்னாடி ஓடிச்சி” என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அப்பாவு கையை உதறிக்கொண்டு எழுந்தார். “யாரும்மா நீ?”

“படம் பாக்க வந்தேன்.”

“நூத்தம்பது பேரு பாத்தான். ஒருத்தனுக்கும் தெரியல.” கதவை ஒருக்களித்துச் சாத்தினார். “ரெண்டு ஊருக்கும் ஒரே பிரிண்ட்டும்மா. பூந்தமல்லியில ஒரு மணி நேரம் முன்னாடி போடறான். அங்க ஓடி முடிச்ச பொட்டியை டி.வி.எஸ். ஃபிஃப்டியில எடுத்துக்கினு வரணும். இன்னிக்கு வண்டிக்காரன் புதுசு. பதினொண்ணாம் ரீல உட்டுட்டு பன்னண்டத் தூக்கியாந்துட்டான். திரும்பப் போயி வரதுக்குள்ள நான் வெள்ளைத் திரையைக் காட்டிக்கினு இருந்தா சேரு ஒண்ணு மிஞ்சாது. ஓட்டிட்டேன். பதினொண்ணு பின்னாடி இன்னொரு வண்டியில வந்திச்சி.” குரலைத் தாழ்த்தினார். “முதலாளிகிட்ட சொல்லிடாதம்மா. ரெண்டரை ஆட்டத்துக்குச் சரியாப் போட்டுடறேன்.”

*

டீக்கடை பெஞ்சில் கார்முகில் இரண்டு பன் வாங்கி வைத்திருந்தான்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல. ஊரே தலைமேல தூக்கி வெச்சிக்கினு ஆடுது.”

“அண்ணா, ரீல் மாறிப்போச்சி.”

“ஓடிச்சில்ல?”

“ஓடிச்சி. ஆனா மாத்தி ஓடிச்சி.”

“யாருன்னா எழுந்து போனாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னா? பன்னத் தின்னு.”

அவள் பன்னைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு லாரி பெங்களூர் ரோட்டில் ஏறத் திணறிக்கொண்டு நின்றது.

“ரெண்டரை ஆட்டம் வாணாம் மதி. போதும். இதையே எடுத்துக்கினு வூட்டுக்குப் போலாம்.”

“ரெண்டு ஷோன்னு சொன்னாரு.”

“ரெண்டு ஷோ பாத்தோம்னு சொல்லிக்கலாம்.”

அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ‘இரண்டாவது ஷோ’ என்று எழுதினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். கிளாசைக் கீழே வைத்தான்.

“வூட்ல சொல்லாத. நேத்து சாயங்காலம் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து வரமாட்டேன்னு. நாலு வருசமா வாயில வெச்சிக்கினு இருந்ததையெல்லாம் சேத்துச் சொல்லிட்டேன். இனிமே போனாலும் சேத்துக்க மாட்டாரு.”

“ஏண்ணா? அப்பா இன்னும் கையெழுத்தே போடலியே.”

“போட்டுடுவாரு” என்றான். அவளைப் பார்க்காமல், “போட்டுடுவாருல்ல?” என்றான்.

*

ரெண்டரைக் காட்சிக்கும் அதே அளவு கூட்டம்தான். படமும் அதே படம். இந்த முறை ரீல்கள் வரிசையில் வந்தன.

பாறை நகர்ந்தபோது சிரித்தார்கள். ராக்கெட்டுக்குள் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “மாட்டி வெச்சிருக்கறது பூரா எங்க கம்பெனி ரிஜெக்ட் மீட்டருங்கடா. ஒண்ணுலயாவது முள்ளு நகருதா பாரு.”

பிறகு குழி தோண்டும் காட்சி வந்தது. அதே குழி. அதே மண்வெட்டி. காலையில் மூச்சுவிடாமல் பார்த்தது.

ஐந்தாவது நிமிஷத்தில் ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இரண்டு பேர். பிறகு ஒரு வரிசை. மதி எண்ணினாள். எண்ண ஆரம்பித்துவிட்டால் அவளால் நிறுத்த முடியாது. நம்பி சாவதற்குள் ஐம்பத்தேழு பேர் போய்விட்டார்கள். அவன் செத்தபோது யாரோ “அப்பாடா” என்றார்கள். சிரிப்பு எழுந்து சீக்கிரமே அடங்கியது. சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

வாசலில் அவளுக்குக் கால் வலித்தது. யாரையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் பார்த்து அவர்களே நின்றார்கள்.

“எழுதிக்கோ. ஆகாசத்துக்குப் போனவனுக்குச் சட்டை மடிப்பு கலையல. நான் படப்பை போய்ட்டு வந்தாலே கலைஞ்சிடுது.”

“தலையில மாட்டியிருக்கறது வெல்டிங் ஹெல்மெட்டு. நான் தினைக்கும் மாட்டறேன். எனக்குத் தெரியாதா?”

எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். “அங்க காத்தே இல்லன்னு அவனே சொல்றான். அப்புறம் பாட்டுல ஹீரோயின் பொடவை மட்டும் எப்படிக்கா பறக்குது?”

“கதை நகரவேயில்ல. தோண்டறான், தோண்டறான், தோண்டறான். எங்க வாட்டர் டேங்க் காண்டிராக்டரே தேவல.”

“தண்ணி தேடிப் போனான், செத்துட்டான். இதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?”

கடைசியாக ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் காந்திமதி, ஊர் வல்லக்கோட்டை. மற்றவர்களைப் போல அவள் அவசரப்படவில்லை. மதி எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு, “அவ்ளோதான்” என்று போனாள்.

கார்முகில் இந்தக் காட்சிக்கு யாரையும் கேட்கவில்லை. டீக்கடையிலேயே உட்கார்ந்து தன் தாளில் காலையில் கேட்டதை நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியில், தெருமுனையில் அவன் கேட்டான்.

“நீ இன்னா படிக்கப் போற?”

“கேட்டா படிப்பேன்.”

“கேக்கலன்னா?”

“கேக்கலன்னா இல்ல.”

*

பலராமன் மேஜையில் காத்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடிதத்தைக் கூட்டுக்கு அடியிலிருந்து எடுத்து எதிரே வைத்திருந்தார். பேனாவுக்கு மை நிரப்பியிருந்தார்.

“யாரு முதல்ல?”

“நான்” என்றான் கார்முகில். நின்றுகொண்டே படித்தான்.

படித்த ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. தண்டலத்தைச் சேர்ந்த ஒருவர் இந்த மாதிரிக் கதை தமிழில் வந்ததில்லை என்றிருந்தார். ஒரு பஸ் டிரைவர் மறுபடி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பலராமன் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவர் வலது கை பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றியது.

“அப்புறம் மணிமங்கலம்பா. இவரு சொல்றாரு, செத்துப்போனவன் திரும்பி எழுந்து வர எடம் அருமை. கதாசிரியர் மூளையே மூளைன்னு.”

பலராமன் கண்ணைத் திறந்தார்.

“எது?”

“செத்தவன் எழுந்து வரது.”

“நான் அப்படி எழுதலியே.”

“படத்துல வச்சிருப்பாங்கப்பா.”

“பிரிவ்யூவுல நான் பாத்தேன். நம்பி செத்தா செத்ததுதான். அதுக்கப்புறம் அவன் குரல் மட்டும்தான் வரும்.” அவர் மகனையே பார்த்தார். “முகிலு. நீ அந்தக் கதையைப் படிச்சிருக்கியா?”

சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

“இல்லப்பா.”

“பன்னண்டு வருசமா அதோ அந்த அலமாரியிலதான் கீது.”

“படிக்கல. படிச்சிருந்தா இந்த ஒண்ண உட்டுட்டுப் படிச்சிருப்பேன்.” தாளை மடித்தான். “எனக்கு வேலை வேணும்பா. அவ்ளோதான்.”

பலராமன் பேனாவைக் கீழே வைத்தார். மூடி போடவில்லை.

“மதி. நீ படி.”

அவள் நோட்டைத் திறந்தாள். முதலில் ரீல் மாறியதைச் சொன்னாள். ஆபரேட்டர் அப்பாவுவின் பெயரைச் சொல்லவில்லை. பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். காலைக் காட்சி முழுவதையும், பிறகு மதியக் காட்சி முழுவதையும். நல்லதில் குரல் உயரவும் இல்லை, கெட்டதில் தாழவும் இல்லை. அவளுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

புடவை பறந்ததற்குப் பலராமன் சிரித்தார். “அந்தப் பாட்டு அவங்க போட்டது. நான் இல்ல” என்றார். வெல்டிங் ஹெல்மெட்டுக்கும் சிரித்தார். தோண்டறான், தோண்டறான் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. அது அவர் எழுதியது. அந்தக் குழிக்கு மட்டும் மூன்று வாரம் எழுதினார்.

“எத்தினி பேர் எழுந்து போனாங்க?”

“ஐம்பத்தேழு பேர்பா.”

“எண்ணினியா?”

“ம்.”

“காலைல அதே எடத்துல யாரும் போவல.”

“யாரும் போவல.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “அப்ப இதுல எதை நம்பறது?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கார்முகில் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் கண்கள் மேஜை மேல் இருந்த கடிதத்தை விட்டு நகரவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்குதுப்பா. கடைசி” என்றாள் மதி.

“படி.”

“காந்திமதி, வல்லக்கோட்டை. ‘படத்தை நான் குறை சொல்லல. குழி தோண்டறது எனக்குப் புடிச்சிருந்திச்சி. ஆனா போறவன் எதுக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்றானா? அங்க போயி தினைக்கும் டைரி எழுதறான். உலகத்துக்கே சொல்றான். அவ சோத்தை வெச்சிக்கினு வாசலைப் பாத்துக்கினு கீறா. கடைசில ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சிக்கிறா. எழுதினவருக்கு இது தெரியுமா தெரியாதான்னு எனக்குப் புரியல.’ அவ்வளவுதான்பா.”

சந்திரம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வழக்கமாக நிலைப்படியோடு நின்றுவிடுகிறவள், நாற்காலியை இழுத்துப்போட்டுக் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அதை இன்னொரு தரம் படி மதி.”

மதி இன்னொரு தரம் படித்தாள்.

“மொத்தம் எத்தினி பேரைக் கேட்ட?”

“நாப்பத்தியாறு பேருமா.”

“நாப்பத்தியாறு பேரு” என்றாள் சந்திரம்மாள், பலராமனைப் பார்த்து. “பேரு, ஊரோட. நீங்க வேலையை உடலாமா வாணாமான்னு பஸ் டிரைவரைக் கேட்டீங்க. எக்ஸ்போர்ட் பொண்ணுங்களைக் கேட்டீங்க. வல்லக்கோட்டைல கீற பொம்பளையைக் கூடக் கேட்டாச்சி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து இந்தக் காயிதம் இங்கதான் கீது. தினைக்கும் இதைத் தள்ளி வெச்சிட்டுத்தான் மேஜையைத் தொடைக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேக்கல.”

பலராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் அவர் முகம் வயசானதாகத் தெரிந்தது.

“சரி. இப்பக் கேக்கறேன். போடட்டா, வாணாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கதையும் படிக்கல, படமும் பாக்கல.”

“நீ கேட்டதே இல்லியே சந்திரா.”

“நீங்க குடுத்ததும் இல்ல. அதுக்கு மதிதான் படி எடுத்தா. நான் டீ போட்டுக் குடுத்தேன்.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஆக ஐந்து நிமிஷம். “ஆறரை ஆட்டம் கீதில்ல? முகிலு, சைக்கிளை எடு.”

கார்முகில் சட்டென்று நிமிர்ந்தான்.

“இப்பவாம்மா?”

“பின்ன எப்ப? காலைல பத்து மணிக்குள்ள சொல்லணும்னு போட்டிருக்கில்ல.”

அவள் உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பலராமன் எழுந்து நின்றார்.

“நானும் வரட்டா?”

“வாணாம்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. “நீங்க பக்கத்துல குந்திக்கினு இருந்தீங்கன்னா நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பேன். வந்து சொல்றேன். குழம்பு அடுப்புமேல கீது, சுட வெச்சிச் சாப்பிடுங்க. அந்தப் பேனாவை மூடுங்க. மை காஞ்சிடும்.”

பலராமன் பேனாவை மூடினார்.

*

மதியும் அப்பாவும் ஜன்னலில் நின்றார்கள். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கார்முகில் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு போனான். சந்திரம்மாள் பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டைப் பிடித்திருந்தாள்.

“தூங்கிடுவா” என்றார் பலராமன். “டி.வி. முன்னாடியே தூங்கிடறவ.”

“தூங்க மாட்டாங்கப்பா.”

“குழி தோண்டற எடத்துலயா?”

மதிக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து நாற்பத்தாறு பேரிடம் பேசியிருக்கிறாள். ஒரு வருஷத்தில்கூட அவள் அவ்வளவு பேரோடு பேசியதில்லை.

ரேஷன் கடை தாண்டிக் கார்முகில் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினான். திரும்பி அம்மாவிடம் எதையோ சொன்னான். சந்திரம்மாள் கேரியரிலிருந்து இறங்கினாள். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்தும், அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

பிறகு அவள் நடக்க ஆரம்பித்தாள். தியேட்டர் பக்கமாகத்தான். கேரியரில் ஏறவில்லை. கார்முகில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான்.

பலராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

“இன்னாம்மா, எறங்கி நடக்கறா? இன்னா ஆச்சி?”

டீக்கடையில் ‘வூட்ல சொல்லாத’ என்று அண்ணன் சொன்னது மதிக்கு நினைவு வந்தது.

“செயின் கழண்டிருக்கும்பா” என்றாள்.